கவலை ஓட்டுதல்

எங்கள் அப்பாருக்குக் கவலை ஓட்டத் தெரியும். இதை ஒருநாள் மகளிடம் சொன்னபோது, "அந்த வித்தையை எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கலாமேப்பா" என்றாள். அவள் வளர்ந்தது திருப்பூரில். கவலை என்றால் அவளுக்கு ஒரே பொருள்தான். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கவலை என்பது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற ஏற்பாடு. வேறு ஊர்களில் கமலை என்பார்கள், அப்பாருவைத் தாத்தா என்பதுபோல.

நான் பார்த்தது எழுபதுகளின் தொடக்கத்தில். சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் கரண்டு மோட்டார் வந்துவிட்டிருந்தது. அப்பாரு மட்டும் பிடிவாதமாக ஒரு ஜோடி எருதுகளை வைத்திருந்தார். கிணற்று மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரியும் மண்பாதை. எருதுகள் சரிவில் இறங்க இறங்க வடம் இழுபட்டுச் சால் மேலே வரும். இறங்குகிற நேரத்தில் அப்பாரு வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவருடைய எடையும் மாட்டுக்கு ஒத்தாசை. சால் மேலே வந்ததும் அதன் அடியில் தொங்கும் தோல் தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் சளாரென்று கொட்டும். பிறகு எருதுகள் திரும்பாமல், முகத்தைச் சரிவுப் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னங்காலால் தடம் தேடித் தேடி மேட்டுக்கு ஏறும். ஒரு மாடு பின்னால் நடப்பதை அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தவன் நான். எத்தனை நடை ஆயிற்று என்று அப்பாரு எண்ணியதாக நினைவில்லை. கடைசிப் பாத்தி நிறைந்ததா என்பதுதான் அவருக்குக் கணக்கு.

அந்தச் சொல்லுக்கு இன்னும் பழைய பொருள் ஒன்று உண்டு. சங்கப் பாடல்களில் கவலை என்றால் வழி பிரியும் இடம், கவர்த்த வழி. பாலை நிலத்தில் அங்கே வந்து நிற்பவனுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. மனக்கவலைக்கும் இதற்கும் என்ன உறவு என்பதைச் சொற்பிறப்பியல்காரர்கள் சொல்லட்டும். இரவு இரண்டரை மணிக்கு விழித்துக் கிடக்கிறவனுக்கு அந்த விளக்கம் வேண்டியதில்லை. 'இப்படி ஆகிவிட்டால்' என்று ஒரு வழி. 'அப்படி ஆகிவிட்டால்' என்று ஒரு வழி. போகப் போக ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும். விடியும்போது மனிதன் கட்டிலைவிட்டு ஓரடிகூட நகர்ந்திருக்க மாட்டான்.

எனக்குத் தொழில் பிழை திருத்துவது. முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வெளியே சொன்னால் அமைதியான வேலை என்று நினைப்பார்கள். பக்கத்தைக் கையில் எடுக்கும்போதே இதற்குள் ஒரு தப்பு இருக்கிறது என்று நம்ப வேண்டும். நம்பாதவனுக்குத் தப்பு கண்ணில் படாது. இந்த நம்பிக்கையை மாலை ஆறு மணிக்கு மேசையிலேயே வைத்துவிட்டு வர முடிந்தால் நல்லது. எனக்கு முடியவில்லை. ஒருமுறை, ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய அக்காவின் பெயர் அச்சாகிவிட்டது. அக்கா கல்யாணத்துக்கு அடித்த பழைய பத்திரிகையின்மேலேயே தங்கைக்குப் புதிதாகக் கோத்திருக்கிறார்கள். பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். ஆயிரம் பத்திரிகை. அக்காவின் வீட்டுக்காரர் அச்சகத்துக்கே வந்து சிரித்தார் என்பது இன்று சொல்லும்போது வேடிக்கையாக இருக்கிறது. அன்றைக்குப் பிடித்த நடுக்கம் கையைவிட்டுப் போக நாளாயிற்று. அதன்பிறகு வேலையில்லாத நேரத்திலும் நெஞ்சு எதையோ படித்துத் திருத்திக்கொண்டே இருந்தது.

நான்கு வருடம் முன்பு ஓர் ஐப்பசி இரவில் மூச்சு முட்டி எழுந்தேன். இடது கை மரத்தது. வேர்த்துக் கொட்டியது. வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம், மாரடைப்பு என்று. மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தைராய்டுகூடப் பார்த்தார்கள். தைராய்டு அதிகமானாலும் இதே படபடப்பு வருமாம். காலையில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்து, "ஹார்ட்ல ஒண்ணும் இல்ல சார், இது பேனிக் அட்டாக். பயந்ததுனால வந்தது" என்றார். எதற்குப் பயந்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன்.

காரணம் தெரியாத பயத்துக்குத் தமிழில் இடம் இருக்கிறதா என்று அப்புறம் தேடிப் பார்த்தேன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், புலி, திருடன், அரசன் என்று இன்றைக்குச் சொல்லலாம். நான்கும் வெளியிலிருந்து வருபவை. என்னுடையது இந்த நான்கில் சேராது. ஆனால் அதே இயலில் பிறிதோர் இடத்தில் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளின் பட்டியல் வருகிறது. அதற்குள் விரைவு, உயிர்ப்பு, வியர்த்தல், ஐயம், நடுக்கு எல்லாம் இருக்கின்றன. ஆராய்ச்சியும் இருக்கிறது. பதற்றத்துக்காகப் போட்ட பட்டியல் அல்ல அது. இருந்தாலும் டாக்டரம்மா என் சீட்டில் குறித்திருந்தவற்றைத்தான் திரும்பப் படிப்பதுபோல இருந்தது. மெய்ப்பாடு என்ற சொல்லையும் கவனியுங்கள். உள்ளத்தில் நடப்பது மெய்யில், உடம்பில், படுகிறது. பேச்சுத் தமிழிலும் பயம் முழுக்க உடம்பிலேதான் குடியிருக்கிறது: வயிற்றைக் கலக்கும், அடிவயிற்றில் புளி கரைக்கும், தொண்டை அடைக்கும், கை கால் ஓடாது. இவ்வளவு சொல்லிவிட்டு மருந்தை மட்டும் மனதுக்குத் தேடுகிறோம். 'மனசைத் தைரியமா வெச்சுக்குங்க.' அந்த வாரம் என்னைப் பார்க்க வந்த அத்தனை பேரும் இதைத்தான் சொன்னார்கள். எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மூச்சிலிருந்து ஆரம்பித்தேன். காசு கேட்காத வைத்தியம் அது ஒன்றுதான். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சு இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் முந்தும், விடும்போது பிந்தும். முதல்முறை இதை விரலால் உணர்ந்தபோது திருட்டுத்தனமாக யாரோ கடிகாரத்தைத் திருகுவதுபோல இருந்தது. மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரைக்கும் போகும் வேகஸ் நரம்பின் வேலை இது. வெளிமூச்சு நீளும்போது அதன் பிடி இறுகி இதயத்தை நிதானத்துக்குக் கொண்டுவருகிறது. இதயத்துக்கு நேரடியாக உத்தரவு போட நம்மால் முடியாது. இந்தப் பக்கவாட்டுக் கதவு மட்டும் திறந்திருக்கிறது.

2001இல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவர் தன் குழுவினரோடு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்' ஒரு கட்டுரை வெளியிட்டார். 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், பிறகு திபெத்திய மந்திரம் ஒன்றைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்று வந்து நின்றது. சும்மா இருக்கும்போது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விடுகிறோம். மூச்சைக் குறை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, வாக்கியத்தின் நீளம் பார்த்துக்கொண்டது. எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி விடிகாலையில் சஷ்டி கவசம் சொல்வதை அதன்பிறகு வேறு காதோடு கேட்டேன். ஓர் அடியை முடித்து அடுத்த அடிக்கு மூச்சு வாங்குமுன் நுரையீரல் காலியாகிவிடுகிறது. பாட்டியிடம் இதைச் சொன்னால் முருகனுக்குப் பெருமை குறைந்துவிடும் என்று சொல்லவில்லை.

திருமூலர் பக்கமும் போனேன். பிராணாயாமத்துக்கு அவர் தரும் கணக்கு, உள்ளே இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, வெளியே விட 32. விடுவது இழுப்பதைப் போல இரண்டு மடங்கு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆர்வக்கோளாறில் அறுபத்து நாலுக்கு நிறுத்திப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டும்போது ஐப்பசி இரவு திரும்பி வந்துவிட்டது. குரு இல்லாமல் செய்யாதே என்று பெரியவர்கள் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை.

எங்கள் அம்மா உயிரோடு இருந்தவரை வீட்டில் யாரும் பெருமூச்சு விடக்கூடாது. "வீட்டுக்கு ஆகாது சாமி, விடாதே" என்பார். அவர் மட்டும் விடுவார், கொல்லைப்புறத்தில், பாத்திரம் கழுவும்போது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நாளுக்கு ஐந்து நிமிடம் என்று ஒரு மாதத்துக்கு ஆட்களைப் பலவிதமாக மூச்சு விட வைத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குத் தியானம். ஒரு குழுவுக்குப் பெருமூச்சு: மூக்கால் இழுத்து, அதன்மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீள விடுவது. பதற்றம் எல்லாக் குழுக்களிலும் குறைந்தது. மனநிலை தெளிந்ததில் பெருமூச்சுக் குழுதான் முந்தியது. தொல்காப்பியர் பட்டியலில் உயிர்ப்பு என்று இருப்பது இந்த நெடுமூச்சுதான். அம்மாவுக்கு இதைச் சொல்ல முடியாமல் போயிற்று.

காப்பி விஷயம் வலித்தது. எங்கள் வீட்டில் சாவுச் செய்தி வந்தாலும், பரீட்சை முடிவு வந்தாலும், சண்டை வந்தாலும் முதல் வார்த்தை, "முதல்ல ஒரு வாய் காப்பித்தண்ணி குடிங்க" என்பதுதான். அதே காப்பிதான் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது சொந்தக்காரரைக் காட்டிக் கொடுத்ததுபோல இருந்தது. மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் பகலெல்லாம் சேர்ந்துகொண்டே வந்து, போதும் படு என்று சொல்லும். காஃபீன் அது உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம்போல ஆகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். நான் அச்சகத்தில் நாலு மணிக்கு ஒன்றும் ஆறு மணிக்கு ஒன்றும் குடித்துவிட்டு, இரவு தூக்கம் வராததற்குக் கர்மவினையைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிறுத்திய மறுநாள் தலைவலி மண்டையைப் பிளந்தது, ஒரு வாரம் இருந்தது. இப்போது காலையில் ஒன்று, அவ்வளவுதான். அந்த ஒன்றை அவசரப்படாமல் குடிக்கிறேன். பில்டரின் மேல்தட்டில் வெந்நீர் ஊற்றி மூடிவிட்டால் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். தட்டினாலும் குலுக்கினாலும் வேகமாக இறங்காது. நான் தட்டியிருக்கிறேன், வருடக்கணக்கில்.

அமுக்கரா பற்றிக் கேட்காத ஆள் இல்லை. வடமொழிக்காரர் அசுவகந்தா என்பார்கள். தாவரவியல் பெயரிலேயே 'சோம்னிஃபெரா' என்று வருகிறது, தூக்கம் தருவது என்று அர்த்தம். சித்த மருத்துவத்தில் அமுக்கராச் சூரணம் காலங்காலமாக இருக்கிறது. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் பதற்றம் குறைந்ததாகவும் வந்திருக்கிறது. ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு சுரப்பைக் கூட்டவும் கூடும். டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்துவிட்டது. எங்கள் தெருவில் அதை ஹார்லிக்ஸ் மாதிரிக் கரைத்துக் குடிக்கிறார்கள். கேட்டால், "இயற்கைதானுங்க, என்ன பண்ணிரும்?" எட்டிக்காயும் இயற்கைதான்.

இயற்கை, பாரம்பரியம் என்ற வார்த்தைகளைக் கேட்டால் எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. மனநலம் குன்றியவர்களைத் தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கையில் வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. பெரும்பாலோர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் எல்லோரும் கொடியவர்களா? வேறு போக்கிடம் தெரியாத அம்மாக்களும் அண்ணன்களும் அதில் இருந்திருப்பார்கள். அதனால் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் மாத்திரை சாப்பிட்டேன். மனநல மருத்துவரிடம் போய், பத்து மாதம். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, வயிறு மட்டும் கெட்டது. ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள், அன்று முழுக்க நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை என்பது இரவில்தான் உறைத்தது. பிறகு அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். மேலே சொன்ன மூச்சும் இனிச் சொல்லப்போகும் நடையும் எல்லாம் அந்த மாத்திரை போட்டுக் கொடுத்த தரையில் நின்று பழகியவை. வெறுங்கையால் வென்றேன் என்று சொன்னால் பொய்.

நடையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நடந்தால் நல்லது, எல்லோருக்கும் தெரியும். மகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் நாளுக்குப் பத்தாயிரம் அடி கேட்டது. ஒருநாள் இரவு பதினொரு மணிக்குக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன், 9,200இல் நின்றுவிட்டது என்பதற்காக. பிறகுதான் படித்தேன், அந்தப் பத்தாயிரம் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்த கணக்கல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயர், 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படுவது. விளம்பரப் பெயருக்குப் பயந்து பாதி ராத்திரியில் நடந்திருக்கிறேன். பதற்றக்காரனிடம் எந்த வைத்தியத்தைக் கொடுத்தாலும் அதை இன்னொரு பரீட்சையாக ஆக்கிக்கொள்வான். மூச்சு ஆறுதானா, ஏழாகிவிட்டதா? தூக்கம் எத்தனை மணி? இன்றைக்கு ஏன் அமைதி வரவில்லை?

இதை அறிந்த மருத்துவர் ஒருவர் அதே ஜப்பானில் இருந்தார். ஷோமா மொரிட்டா, 1874இல் பிறந்து 1938இல் இறந்தவர். ஊர் கொச்சி, நம்முடைய கொச்சி இல்லை, அங்கே அப்படி ஒரு மாகாணம். சிறுவயதில் ஒரு கோயிலில் நரகத்தின் ஓவியத்தைப் பார்த்துவிட்டுச் சாவு பயம் பிடித்தவர். மருத்துவம் படிக்கும்போது நெஞ்சுப் படபடப்பு, தலைவலி, என்னென்னவோ. தேர்வு நெருங்கும் சமயத்தில் வீட்டிலிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. அப்பா கைவிட்டுவிட்டார் என்று ஆத்திரம் வந்தது. செத்தால் சாகட்டும் என்று மருந்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தார். தேர்வு நன்றாகவே எழுதினார். படபடப்பைக் காணோம். இந்த அனுபவத்தைப் பிறகு வைத்தியமாக்கினார். 1919 வாக்கில் நோயாளிகளைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த வைத்தியத்தின் முதல் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாரம்போலத் தனி அறையில் படுத்தே கிடக்க வேண்டும். படிக்கக்கூடாது, பேசக்கூடாது, புகைக்கக்கூடாது. சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் எழுந்திருக்கலாம். பயம் வருகிறதா, வரட்டும், விரட்டாதே. முதல் நாட்களில் நோயாளி தவித்துப்போவான். பயம் உச்சிக்கு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நாலைந்து நாளில் வேறொன்று வரும்: அலுப்பு. தன் பயத்தைப் பார்த்துப் பார்த்து அவனுக்கே சலித்துவிடும். ஏதாவது ஒரு வேலை செய்தால் தேவலை என்று கை அரிக்கும். அப்போதுதான் கதவைத் திறப்பார்கள். தோட்டத்தில் சருகு பொறுக்கலாம், எறும்பைப் பார்க்கலாம். அடுத்த கட்டத்தில் விறகு வெட்டுவது, மண்வேலை. இரவில் நாட்குறிப்பு எழுத வேண்டும், மருத்துவர் அதில் குறிப்பெழுதித் தருவார். ஒருவகையில் என் தொழில்தான். பயம் போய்விட்டதா என்பது அங்கே கேள்வி இல்லை. பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ இன்றைக்கு என்ன செய்தாய் என்பதுதான். 'அருகமாமா' என்று அவர்கள் சொல்லும் சொல்லுக்கு, உள்ளது உள்ளபடி, என்று பொருள்.

இதைப் படித்தபோது அப்பாருவின் எருதுகள் நினைவுக்கு வந்தன. அவருக்கும் கடன் இருந்தது. ஒரு மகன் சொல்லாமல் ஊரைவிட்டுப் போயிருந்தான். அவருக்குப் பயம் இருந்ததா என்று கேட்கிற வயசு எனக்கு அப்போது இல்லை. வடத்தில் உட்கார்ந்து சரிவில் இறங்கும்போது ஏதோ முனகுவார், பாட்டா திட்டா என்று தெரியாது.

என்னிடம் கிணறும் இல்லை, எருதும் இல்லை. எனக்குக் கிடைத்தது முருங்கைக்கீரை. ராத்திரி கீரையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டால் காலையில் இலை தானாகக் கொட்டிவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான்தான் சுற்ற வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு நடையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தால் ஒரு கட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். காம்பை இடது கையில் பிடித்து, நுனியிலிருந்து அடிக்கு இரண்டு விரலால் உருவ வேண்டும். வேகமாக உருவினால் ஈர்க்கும் சேர்ந்து வந்துவிடும், சாப்பிடும்போது பல்லிடுக்கில் குத்தும். பழுத்த இலை மஞ்சளென்று கண்ணுக்குத் தெரியும் முன்பே உதிர்கிறது. சில இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூச்சி முட்டை. அதைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் என் முப்பது வருடத் தொழில் உதவுகிறது. கீரை ஆய்வது என்றுதான் சொல்கிறோம். நூலை ஆய்வதற்கும் அதே சொல்.

போன வாரம் பாதிக் கட்டு முடிந்திருந்தது. "ஏனுங்க, பூவை எறிஞ்சராதீங்க, அதையும் சேத்து வதக்கிக்கலாம்" என்று உள்ளேயிருந்து குரல். அதே நேரம் போன் அடித்தது. அச்சகத்துப் பையன்.

"அண்ணா, 43ஆம் பக்கம் நீங்கதானே பாத்தீங்க?"

"ஆமா."

"ஃபார்ம் ஓடிருச்சுங்ணா. அதுல ஒரு வரி ரெண்டு தடவை வந்திருக்குது."

அடிவயிற்றில் புளி கரைத்தது. கை வேர்த்தது, கீரை விரலில் ஒட்டிக்கொண்டது. எத்தனை ஃபார்ம் ஓடியது, காகிதம் யார் கணக்கு, முதலாளி வந்துவிட்டாரா என்று எல்லா வழியும் ஒரே நேரத்தில் பிரிந்து கிடந்தன.

"வர்றேன்" என்றேன்.

"எப்பங்ணா?"

நாலு காம்பு மீதி இருந்தது. "இத முடிச்சுட்டு" என்றேன். எதை என்று அவனுக்குப் புரிந்திருக்காது.